ஈகையும் யானெனும் முனைப்பும்

இல்லார்க்கு உணவும் உடையும் உறையுளும் உதவுதல் அறங்களுள் தலையாயது என்பதிற் சமயத்தார் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆகலின், கொடுத்தல் நன்றோ தீதோ என்பதன்று ஈண்டு எம் ஆராய்ச்சி. பொருள் பெறுவார் கையைச் சேர்ந்த பின்னும், கொடுப்பான் நெஞ்சிலே 'யான் கொடுத்தேன்' என்னும் முனைப்பு எஞ்சி நிற்குமாயின் அக்கொடை எத்தன்மையதாகும்? அம்முனைப்பு அறுதற்கு வழி யாது? இவ்விரண்டுமே யாம் ஆராயப் புகுவன. இவை ஏட்டளவில் எழுந்த வினாக்கள் அல்ல. எம்முடைய பிழையொன்றே இவற்றை எழுப்பிற்று. ஆதலின் அப்பிழையை முதற்கண் கூறிவிடுதல் முறையாம்.

2015 ஆம் ஆண்டின் இறுதியிற் பெய்த பெருமழையால் தமிழ்நாட்டின் வடபகுதி மாவட்டங்கள் வெள்ளத்தில் ஆழ்ந்ததை அன்பர்கள் மறந்திரார். அப்போது யாம் சார்ந்த அன்பர் குழாம் ஏரிக்கரையை அடுத்த இருளர் குடியிருப்பு ஒன்றிற்கு உதவிப் பொருள் கொண்டு சென்றது. மூட்டை மூட்டையாகப் பழைய வேட்டிகளும் சேலைகளும், பெருந்தவலைகளிற் சமைத்த சோறும் வண்டியில் ஏற்றப்பட்டன. ஆங்குச் சென்றதும் மக்களை வரிசையில் நிறுத்திப் பதிகமொன்று ஓதுவித்தோம். தானத்தின் பயனைப் பற்றி யாமே அரைமணி நேரம் பேசினோம். நிழற்படமும் எடுக்கப்பட்டது. அன்று காலை முதல் அங்கு வந்த சோற்று வண்டிகளுள் எம்முடையது மூன்றாவது என்பதைப் பின்னரே அறிந்தோம். சோறு மிகுந்து ஊசிப்போயிற்று. எல்லாம் முடிந்த பின்னர், அவ்விருளர்தம் சங்கத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே. துணி நிறைய வந்துவிட்டது. கூரைமேல் போட ஒரு தார்ப்பாய் இல்லை, உலை வைக்க ஒரு குண்டான் இல்லை" என்றார். அச்சொல்லிற் சினமும் இல்லை, இரத்தலும் இல்லை. யாம் தலைகுனிந்தோம். தானப் பயனை அரைமணி நேரம் பேசிய நாவுக்கு 'என்ன வேண்டும்' என்று கேட்க ஒரு நொடி வாய்த்திலது.

அன்று தொட்டு இவ்வினாவை உள்ளத்தே கொண்டு நூல்களையும் வரலாறுகளையும் ஒப்பு நோக்கி வந்தோம். அவற்றுள் அமெரிக்கப் பழங்குடியினராகிய சாக்டா மக்களின் வரலாறு எம்மைப் பெரிதும் திருத்தியது. கடல் கடந்த நாட்டுச் செய்தியாயினும், மெய்ம்மை எவ்விடத்துக் கிடைப்பினும் கொள்ளத்தக்கதாகலின் அதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

1845 ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரை நோயொன்று பற்றி அழித்தது. ஏழை உழவர்க்கு அதுவே நாள்தோறும் உணவாகலின் கொடும் பஞ்சம் மூண்டு சில ஆண்டுகள் நீடித்தது. ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மாண்டனர். பத்து இலக்கத்தினும் மிக்கோர் நாட்டைவிட்டு ஏகினர். அரசினர் 1845 இறுதியில் அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வாங்குவித்து அடுத்த ஆண்டில் விற்பித்தனர். அயர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் அத்தானியத்தைச் சமைத்தறியார். கடினமான அதனை இருமுறை அரைத்து நெடுநேரம் வேகவைத்தல் வேண்டும். அதற்கேற்ற ஆலைகளோ அந்நாட்டிற் குறைவு. செவ்வனே அரைபடாத மாவை உண்டோர் வயிற்று நோயால் வருந்தினர். முதலமைச்சராயிருந்த பீல் என்பாரின் பெயரை அடைகொடுத்து அதனைப் 'பீலின் கந்தகம்' என மக்கள் எள்ளினர். உண்பார் யாவர், அவர்தம் அடுப்பு எத்தகையது என்று வினவாது அனுப்பிய உணவு அது.

அப்பஞ்சத்திற் பிறிதொன்றும் நிகழ்ந்தது. பசித்தார்க்குக் கஞ்சி வார்த்தவருட் சிலர், அதற்கு விலையாக மதம் மாறுதலைக் கேட்டனர். அவ்வாறு மாறியவரைச் 'சூப்புக் குடித்தவர்' என்று பழிக்கும் வழக்கு அந்நாட்டில் நிலைத்துவிட்டது. குவேக்கர் என்னும் பிரிவினரைப் போல ஒன்றும் கேளாது வழங்கிய கிறித்துவரும் இருந்தனர் என்பதை நடுநிலை கருதி உடன் கூறல் வேண்டும். ஆயினும், உணவை உயிரின் கொள்கைக்கு விலையாக வைத்த சிலரின் செயல் ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்நாட்டார் நினைவினின்று நீங்கவில்லை.

இனிச் சாக்டா மக்களின் செய்தி. மிசிசிப்பி ஆற்றின் கிழக்கே தம் முன்னோர் வாழ்ந்த நிலத்தை 1830 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர் இழந்தனர். 1831 முதல் 1833 வரை கூட்டங் கூட்டமாக மேற்கே பெயர்த்து அனுப்பப்பட்டனர். பனியினாலும் பசியினாலும் கொள்ளை நோயினாலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலும் சென்ற இடத்திலும் மாண்டனர். அத்துயர் நிகழ்ந்து பதினாறு ஆண்டும் நிறையாத காலை, 1847 மார்ச்சு 23 ஆம் நாள், புதிய நிலத்தின்கண் உள்ள ஸ்கல்லிவில் என்னும் ஊரில் ஒரு கூட்டம் கூடிற்று. அயர்லாந்தின் பஞ்சச் செய்தி ஆங்குச் சொல்லப்பட்டது. சாக்டா மக்களும் உடனிருந்த பிறரும் 170 டாலர் தொகுத்து அனுப்பினர். அயர்லாந்தை அவர் கண்டதில்லை. அந்நாட்டாரால் ஒரு நன்மையும் பெற்றதில்லை. பசியால் மக்கள் மடிவது எத்தகையது என்பதை மட்டும் அறிந்திருந்தனர். அவர் அனுப்பிய பொருளோடு எந்த நிபந்தனையும் செல்லவில்லை.

அயர்லாந்து மக்கள் அதனை மறந்திலர். கார்க் மாவட்டத்து மிடில்டன் என்னும் ஊரில் கழுகின் இறகுகள் ஒன்பது வட்டமாக நிற்பதுபோல் எஃகினால் நினைவுச் சின்னமொன்று அமைத்து 2017 இல் திறந்தனர். 2020 ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபோது, அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ, ஹோபி என்னும் பழங்குடியினர் பெருந்துயருக்கு ஆளாயினர். நவஹோ நாடு 27,000 சதுர மைலினும் பரந்தது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளிற் குழாய்நீர் இல்லை. நோய்க்குக் கை கழுவுக என்று மருத்துவர் கூறினர். கழுவ நீர் வேண்டுமன்றோ? அப்போது அக்குடிகளைச் சேர்ந்த மகளிர் முன்னின்று நிவாரண நிதியொன்று தொடங்கி, முதியோர்க்கும் நோயாளர்க்கும் உணவும் நீரும் முகக்கவசமும் அவரவர் வீட்டு வாயிலிற் கொண்டு சேர்த்தனர். 1847 ஆம் ஆண்டின் உதவியை நினைந்து அயர்லாந்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் அந்நிதிக்குச் சிறுசிறு தொகைகளாக அனுப்பினர். கொடுத்தவர் சாக்டாவினர், நூற்றெழுபத்து மூன்று ஆண்டு கழித்து அதன் மறுபயனைப் பெற்றவரோ நவஹோவினரும் ஹோபியினரும். நன்றியானது கொடுத்தவனிடமே திரும்பவேண்டும் என்னும் வணிகக் கணக்கு இங்கே இல்லை.

இவ்வரலாற்றால் இரண்டு உண்மைகள் விளங்கும். பழங்குடியினர் எஞ்ஞான்றும் கைநீட்டிப் பெறுவோரே, நாம் எஞ்ஞான்றும் கொடுப்போரே என்னும் எண்ணம் பொய் என்பது ஒன்று. 2020 இல் அயர்லாந்து மக்கள் தாமே பொருள் வாங்கி மூட்டை கட்டி அனுப்பினாரல்லர். அம்மக்களின் சொந்த அமைப்பின் கையில் ஒப்புவித்தனர் என்பது மற்றொன்று. எவ்வீட்டில் நீரில்லை, எக்கிழவிக்கு எம்மருந்து வேண்டும், எவ்வழியிற் சென்றால் அவள் குடிலை அடையலாம் என்பன அவ்வமைப்பினரே அறிவார்.

இவ்விரண்டாம் உண்மையே யாம் எடுத்துக்கொண்ட வினாவிற்குத் திறவுகோலாம். அதனைச் சித்தாந்த நெறியில் வைத்து ஆராய்வாம்.

உயிர் சிற்றறிவுடையது என்பதும், அறிவித்தாலன்றி அறியமாட்டாதது என்பதும் நம் சாத்திரத் துணிபு. இறைவன் முற்றறிவுடையன். தனு கரண புவன போகங்களை அவன் உயிர்கட்கு அளிக்கும்போது, இவ்வுயிர்க்கு இன்னது வேண்டும் என்று எவரையும் வினவ வேண்டுவதில்லை, கேளாதே அறிவான். நாமோ பிறர் தேவையைக் கேட்டன்றி அறியமாட்டேம். அவ்வாறிருக்க, பெறுவாரைக் கேளாமலே அவர்க்கு வேண்டுவது இதுவெனத் துணிந்து கொடுப்பவன், இறைவனுக்கே உரிய முற்றறிவைத் தன்பால் ஏற்றிக்கொள்கின்றான். சிற்றறிவு தன்னை முற்றறிவெனக் கருதுவதே ஆணவத்தின் செயல். ஆகவே 'என்ன வேண்டும்' என்று வினவுதல் வெறும் மரியாதையன்று. தன் அறிவின் எல்லையைத் தானே உணர்ந்து நிற்றலாகிய ஞான ஒழுக்கமாம். ஏரிக்கரையில் யாம் தவறியது இவ்விடத்தேதான்.

இன்னும் ஒன்று காண்க. இறைவன் கொடுக்குங்கால் தன்னைக் காட்டிக் கொடுப்பதில்லை. ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று. அதுவும் அருளே என்பர் நம் ஆசிரியர். அவன் அளித்த உடலையும் உலகையும் உயிர்கள் 'எம்முடையன' என்று கருதி இறுமாந்திருக்கும் காலத்தும் அவன் கொடுத்தலை நிறுத்துவதில்லை. 'என் பெயரைச் சொல், பின்னர் உண்' என்று நிபந்தனை இடுவதும் இல்லை. முதற் கொடையாளன் மறைந்து நின்று கொடுக்க, அவன் பொருளிற் சிறிதை எடுத்துக் கைமாற்றும் நாம் பலகையிற் பெயர் பொறித்தலும், பெறுவாரை வரிசையில் நிறுத்தி நிழற்படம் எடுத்தலும் எத்துணைப் பொருந்தாமை! சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் பாசம் நீங்கும் நெறியாக உணர்த்தும் இறைபணி நிற்றல், பூசைக்கும் செபத்துக்கும் மட்டும் உரியதன்று. ஒரு மூட்டை அரிசியை ஒருவர் வாயிலில் இறக்கி வைக்கும்போதும் 'இது என்னுடையது, யான் கொடுத்தேன்' என்னும் எண்ணம் அற்று நிற்றலே அது.

கண்ணப்ப நாயனார் வரலாறு இதனைத் தெளிவிக்கும். உடுப்பூர் வேடர் குலத்து உதித்த அவர், காளத்தியப்பருக்கு ஊனைப் படைக்குமுன் தாமே சுவைத்து, நல்லதெனக் கண்டதையே படைத்தார். யாம் கொண்டு சென்றவையோ உடுத்துக் கழித்தவை! ஐயன் கண்ணிற் குருதி கண்டபோது அவர் அங்கு வேண்டியது யாது என்று நோக்கினார். மருந்து தேடிப் பிழிந்தார். அது பயன்படாமை கண்டு, கண்ணுக்குக் கண்ணையே இடந்து அப்பினார். கற்றறிந்த சிவகோசரியாரை மறைந்து நின்று காணுமாறு பணித்தருளினான் இறைவன். ஆகமம் கற்ற அந்தணர் வேடரிடத்தே அன்பின் இலக்கணத்தைக் கற்றார். காட்டினரை நாம் கற்பிக்கப் போகின்றோம் என்று எண்ணுவார் அவ்வரலாற்றை மற்றொருமுறை ஓதி நோக்குக.

இனி இதற்கு எழும் தடைகளை ஆராய்வாம்.

'மக்கட்கு உண்டியும் பாயும் கொடுத்தல் பசுபுண்ணியமன்றோ? அதன் பயன் நுகர்ந்து கழிவதன்றோ? சிவபுண்ணியமே வீட்டுநெறிக்கு உரியது' எனின், அஃது உண்மையே. ஆயின் பசுபுண்ணியத்தையும் சிவபுண்ணியத்தையும் வேறுபடுத்துவது கொடுக்கும் பொருளோ பெறும் ஆளோ மட்டுமன்று, கொடுப்போன் நோக்கமுமாம். தன் பெயரும் மறுமை இன்பமும் கருதிக் கோயிலுக்கே பொன் கொடுப்பினும் அது தனக்குத் தளையாம். உயிர்கள் எல்லாம் இறைவன் உறையும் இடம் என உணர்ந்து, அவன் பணியெனக் கருதி ஏழைக்குக் குண்டானொன்று கொடுப்பினும் அது சிவப்பணியாம். அடியார்க்கு ஈவது ஆண்டவனைச் சேரும், ஆண்டவன் கோயிலுக்கு ஈவதோ அடியாரைச் சேராது என்று திருமூல நாயனார் அருளியதையும் ஈண்டு நினைவு கூர்க.

'அவர் துன்பம் அவர் வினைப்பயன். அதனை நாம் மாற்றலாமோ?' எனின், வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். துன்பத்தை ஊட்டுதற்குக் கருவி உளவாதல் போலத் துன்பம் தீர்தற்கும் கருவிகள் உள. எக்கருவியாக நிற்பது என்பதே நம் முன் உள்ள வினா. அன்றியும், சாக்டா மக்களை அவர் நிலத்தினின்று பெயர்த்தவர் மனிதர். அச்செயலின் பாவம் செய்தார்க்கே உரியது. பிறன் செய்த கொடுமையை வினையென்று கூறிப் பேசாதிருப்பது, வினைக் கொள்கையைத் தன் சோம்பலுக்குப் போர்வையாக்குவதாம்.

'தானத்திற்குப் பாத்திரம் அறிதல் வேண்டுமென்பர். பொருளை அவர்தம் சங்கத்தின் கையில் ஒப்புவித்தால் தக்கார்க்குச் சேரும் என்பதற்கு என்ன உறுதி? நேரே கொடுத்தல் அன்றோ நன்று?' என்பார் பலர். மடங்களைச் சார்ந்த அன்பர்கள் இதற்கு விடையைத் தம் மடத்திலேயே காணலாம். கோயிலுக்குக் கட்டளை வைத்த செல்வர் நாள்தோறும் மடைப்பள்ளியுட் புகுந்து அகப்பையைப் பற்றுவதில்லை. முறையறிந்தார் கையில் ஒப்புவிக்கின்றார். ஆண்டிற்கொருமுறை கணக்கைக் காண்கின்றார். அந்நம்பிக்கையை நம்மவர்க்கு அளித்து இருளர்க்கும் காணிக்காரர்க்கும் அளியாமை, பாத்திரம் அறிதலன்று, சாதி முனைப்பே. கணக்குக் கேட்டல் தவறன்று. கேட்கும் கணக்கை எல்லாரிடத்தும் ஒருபடித்தாகக் கேட்டல் வேண்டும்.

'அவர்க்குச் சிவநெறியைப் போதிக்க இது நல்ல வாய்ப்பன்றோ?' என்று எம் குழாத்தினரே அன்று கூறினர். சூப்புக்கு மதத்தை விலையாகக் கேட்டாரைப் பழிக்கும் நாம், தார்ப்பாய்க்குப் பதிகத்தை விலையாகக் கேட்டல் எவ்வாறு தகும்? பசித்தவன் பாடிய பதிகம் சோற்றை நோக்கிப் பாடியதேயன்றிச் சிவத்தை நோக்கிப் பாடியதாகாது. அவனுக்கும் அஃது இழிவு. பதிகத்துக்கும் அஃது இழிவு. கேட்டார்க்குச் சொல்லுதல் கடமை. கேட்பிக்கப் பொருளைக் கருவியாக்குதல் தகாது.

இறுதியாக ஒன்று. இருளர்க்கு நாம் கொடுப்போர் என்று எண்ணினோம் அன்றோ? அவர் நமக்குக் கொடுத்தவற்றை எண்ணிப் பார்ப்பாம். பாம்பு பிடித்தலில் வழிவழி வல்லவர் அவர். 1972 ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின்னர்த் தோல் ஏற்றுமதிக்கு வந்த தடையும் அவர் பிழைப்பை மாற்றின. 1978 இல் அவர் கூட்டுறவுச் சங்கமாகக் கூடினர். செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சைக் கறந்து, பாம்புகளைக் கொல்லாது மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளின் உடலிற் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து முறிமருந்து ஆக்கப்படுகின்றது. இந்நாட்டில் நஞ்சு முறிமருந்துக்கு வேண்டும் நஞ்சிற் பெரும்பகுதி நெடுங்காலம் அச்சங்கத்தினின்றே சென்றது. அவருள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர்க்கு 2023 இல் பத்மசிரீ விருதும் அளிக்கப்பட்டது. நந்தவனத்திற் பூக்கொய்யும்போது பாம்பு தீண்டிப் பிழைத்தார் ஒருவர் எந்த மடத்தில் இருப்பினும், அவர் உயிர் பெரும்பாலும் ஓர் இருளர் கைவழி வந்த கொடையாம். அவ்விருளர் பெயரை அவர் அறியார். கொடுத்தவரும் மறைந்தே நின்றார்.

இதனை உணர்ந்தபோது 'கொடை' என்ற சொல்லே எம் நாவிற் கூசிற்று. கடனைத் திருப்புகின்றவன் கொடையாளி ஆவானோ?

அடுத்த ஆண்டு மழைக்காலத்திற்கு முன்னரே அச்சங்கத்தாரிடம் சென்று, வேண்டுவன யாவை என்று கேட்டு எழுதிக்கொண்டோம். தார்ப்பாய், குண்டான், கொசுவலை, பிள்ளைகட்குக் குறிப்பேடு என்று அம்மூதாட்டியே வரிசையாகச் சொன்னார். வேட்டி சேலை அப்பட்டியலில் இல்லை. எல்லாம் புதியனவாக வாங்கி அவர்தம் சங்கக் கொட்டகையில் இறக்கினோம். எவர்க்கு எது என்பதை அவரே பங்கிட்டனர். எமக்கு ஆங்கு ஒரு வேலையும் இல்லை. மரத்தடியில் அமர்த்தித் தேநீர் கொடுத்தனர், பெற்றுப் பருகினோம். அவர் கையினின்று ஒன்றைப் பெற்றது அதுவே முதன்முறை. உள்ளிருந்த முனைப்பு முழுதும் அற்றது என்று கூறத் துணியேம்; மலம் அத்துணை எளிதில் நீங்குவதன்று. எனினும், பெறுவார் சொல்லக் கேட்டுச் செய்யும் அன்றைய பணியில் அதற்கு இடம் சிறிது குறைந்தது என்பதை மட்டும் உணர்ந்தோம்.

குருபூசையும் மாகேசுர பூசையும் வழுவாது நடத்தும் திருமடத்துப் பெரியோர்கள், தம் எல்லைக்கண் வாழும் பழங்குடியினரின் சங்கங்களை அணுகி, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் கையிலேயே ஒப்புவித்து, ஆண்டுதோறும் நிற்கும் கட்டளையாக இப்பணியை ஏற்றருள வேண்டுமென விண்ணப்பிக்கின்றோம். பலகையிற் பெயர் வேண்டா. கணக்கேட்டில் ஒரு வரி போதும்.

திருச்சிற்றம்பலம்.